கை பொறுக்கிற சூடு

மே மாதம். வடக்கு வெளி வீதி.
கரண்ட் போய் முக்கால் மணி நேரம்.
கல்லாவில் துளசிராம் சார்
விலைப்பட்டியலால் விசிறிக்கொண்டிருக்கிறார்.
கவுண்டரில் நான்.
எனக்குப் பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகளில்
ஒரு நூறு கார்கள்
கழற்றிப் போட்ட வாக்கில் இருக்கின்றன.

ஒச்சப்பன் அண்ணன் வந்தார்.
உசிலம்பட்டி ஸ்டாண்டு, வெள்ளை இண்டிகா.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
போன வாரம் வாங்கிய தெர்மோஸ்டாட்டைக்
கண்ணாடிமேல் வைத்தார்
செத்த தவளையை வைப்பதுபோல.

"டூப்ளிகேட்டைத் தள்ளி விட்டுட்டியேம்மா.
தொறக்கவே மாட்டேங்குது."

ஆறு வருடமாக அந்த வண்டியில்
தெர்மோஸ்டாட்டே கிடையாது.
பழங்காநத்தத்து மெக்கானிக் ஒருத்தர்
பிடுங்கி எறிந்துவிட்டார்.
'நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே?'
பாதிப் பட்டறைகளில் இதுதான் வேதம்.
முள் அடியிலேயே கிடந்தது.
அண்ணனுக்கும் அதில் பெருமைதான்:
நம்ம வண்டி சூடே ஆகாது.
மைலேஜ் குறைந்ததற்குப் பங்கைத் திட்டினார்.
புகைக்குப் பம்பைப் பிரித்தார்.
தை மாதம், கொடைக்கானலிலிருந்து
விடியற்காலையில் இறங்கும்போது
கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஹீட்டர் போடச் சொல்ல,
வந்தது பச்சைத்தண்ணிக் காற்று.
வத்தலக்குண்டு வரை அந்தக் குழந்தை அழுதிருக்கிறது.
அப்போதுதான் அவருக்கு உறைத்தது,
சூடே ஆகாததும் ஒரு கோளாறு என்று.

"எதுல போட்டுப் பாத்தீங்க?"
"வீட்ல, வெந்நீர்ல."
"எவ்வளவு சூடுண்ணே?"
"கை பொறுக்கிற சூடு."

துளசிராம் சார் விசிறுவதை நிறுத்தினார்.
மாற்றிக் கொடுத்து அனுப்பும்மா என்று கண்ணால் சொன்னார்.
அல்லது, மாற்றிக் கொடுக்காமல் அனுப்பும்மா.
அவர் கண்ணுக்கு எப்போதும் இரண்டு அர்த்தம்.
சம்பளம் கூட்டிக் கேட்ட அன்றும்
'பாப்போம்மா' என்று இப்படித்தான் பார்த்தார்.
மூன்று தீபாவளி ஆயிற்று.

கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
எதிரே டீக்கடை.
"மாஸ்டர், ஒரு சட்டியில தண்ணி வைங்க."
"எத்தன டீ?"
"டீ இல்ல. சாமான்."

பார்சல் நூலில் கட்டி இறக்கினேன்.
அடியில் முட்டக்கூடாது, முட்டினால் கணக்கு தப்பும்.
பித்தளையில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் ஒட்டின.
உள்ளே ஒரு சிட்டிகை மெழுகு இருக்கிறது,
மொத்தச் சூட்சுமமும் அதுதான்.
மெழுகு இளகினால் பருக்கும்,
பருத்தால் கம்பி நகரும்,
கம்பி நகர்ந்தால் ரேடியேட்டருக்கு வழி.
விளிம்பில் பொறித்திருக்கிறது: 82.
கை பொறுக்கிற சூட்டில்
எத்தனை கெஞ்சினாலும் நடக்காது.

ஒச்சப்பன் குனிந்தார்.
பார்சல் டீ வாங்க வந்த பையனும் குனிந்தான்.
தண்ணீர் தளதளக்கும் முன்பே,
வெறும் 'உஸ்' சத்தத்திலேயே,
நகக்கண் அளவு இடைவெளி.
பிறகு இன்னும் கொஞ்சம்.

"அட," என்றார் மாஸ்டர்.
"கிளிஞ்சல் மாதிரி வாயத் தொறக்குது."

"அப்ப இத்தன நாளா..." என்று ஆரம்பித்த ஒச்சப்பன்
எதை என்று சொல்லவில்லை.
டீசல் கணக்காக இருக்கலாம்.
அந்தக் குழந்தையாகவும் இருக்கலாம்.

நூலோடு தூக்கினேன்.
காற்றில் ஆடி ஆடி மெல்ல மூடிக்கொண்டது.
புது ரப்பர் வளையம் ஒன்று, பில் போடாமல் கொடுத்தேன்.
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
ஏலக்காய் வாசத்தோடு
தெர்மோஸ்டாட் கைக்குட்டைக்குள் போனது.

திரும்பும்போது கரண்ட் வந்திருந்தது.
"என்னாச்சு?"
"தொறந்துருச்சு சார்."
"ம்."
"அப்புறம், அந்தச் சம்பள விஷயம்" என்றேன்.

தலைக்குமேல் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
என் குரல் எத்தனை டிகிரி என்று தெரியவில்லை,
எனக்கு எங்கும் பொறிக்கவில்லை.

சார் விலைப்பட்டியலைக் கீழே வைத்தார்.